நெடுக்க வெட்டின பழம்

எங்க அக்காவை ஃபேக்டரியில எல்லாரும் கத்தியக்கான்னுதான் கூப்பிடுவாங்க. புதுசா வேலைக்கு வர்ற பொண்ணுங்க, இவ எந்நேரமும் கத்துறவ போலிருக்குன்னு பயந்துகிட்டே பக்கத்துல உட்காருவாங்க. அக்கா சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல. எங்க வீட்டுல கத்துறது என்னோட டிபார்ட்மென்ட். நான் பஸ்ல லேடி கண்டக்டர், தொண்டையைத் திறக்கலேன்னா பிழைப்பு ஓடாது. அக்காவுக்கு அந்தப் பேரு வந்தது கையில இருந்த கத்தியால.

ஊறுகாய், ஜாம், வற்றல் போடுற ஃபேக்டரி அது. அதுல வெட்டுற செக்‌ஷன். நீளமா ஒரு ஸ்டீல் மேஜை, ரெண்டு பக்கமும் பொம்பளைங்க, தலைக்கு வலை, காலுக்கு ரப்பர் பூட்ஸ், தரை எப்பவும் ஈரம். அப்பா செத்த வருஷம் அக்கா அந்த மேஜைக்குப் போனவ. அப்ப அவளுக்குப் படிக்கிற வயசு. ஆனா படிச்சது நான். அதை ஒரு நாளும் அவ சொல்லிக் காட்டினதில்ல. சொல்லிக் காட்டியிருந்தாலாவது பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசி மனசு ஆறியிருப்பேன், அதுக்கும் வழி வைக்கல மகராசி.

புளிப்புப் பழம் வர்ற சீசன்ல அவ விரலைப் பார்க்க சகிக்காது. தோல் வெடிச்சு, உப்பும் புளிப்பும் உள்ள போயி, ராத்திரி சோத்துல கை வைக்க முடியாம ஸ்பூன்ல சாப்பிடுவா. அந்த சீசன் பழத்துக்கு ஃபேக்டரியில அஞ்சுவரின்னு பேரு. யாரும் நட்டு வளர்க்கிற பழம் இல்ல. ஆத்தோரம், பாழாப் போன தோட்டம், ரயில் பாதை ஓரம்னு தானா முளைச்சுக் கிடக்கும். பச்சையும் மஞ்சளுமா, மெழுகு தடவின மாதிரி தோலு, மேல இருந்து கீழ வரைக்கும் அஞ்சு வரி புடைச்சுகிட்டு நிக்கும். பொறுக்கிட்டு வர்றவங்க மூட்டை மூட்டையா கொண்டாந்து கொட்டுவாங்க.

அதை வெட்டுறதுக்கு ஒரு முறை இருக்கு. வரியோட வரியா நெடுக்கதான் கத்தியை இறக்கணும். அஞ்சு கீத்து விழும், நடுவுல இருக்கிற விதைத்தண்டு முழுசா கையில வந்துடும். குறுக்க வெட்டினா விதை சிதறி, காயப் போடும்போது துண்டு உதிர்ந்து போகும். அதனால குறுக்க வெட்டினவளை சூப்பர்வைசர் அன்னைக்கே பாட்டில் கழுவுற இடத்துக்கு அனுப்பிடுவான். அக்கா இத்தனை வருஷத்துல ஒரு பழத்தைக்கூட குறுக்க வெட்டினதில்ல. வீட்டுக்குக் கொண்டாந்து எங்களுக்கு வெட்டிக் கொடுத்ததும் அப்படித்தான். நாங்களும் கீத்து கீத்தாவே தின்னு வளர்ந்தோம்.

வற்றல் பாக்கெட்டுக்குப் பின்னாடி அந்தப் பழத்தோட பெருமையெல்லாம் அச்சடிச்சிருக்கும். வைட்டமின் சி நிறைய, நார்ச்சத்து உண்டு, சர்க்கரை கம்மி, உடம்பு பெருக்காது, இதயத்துக்கு நல்லதுன்னு. அக்கா அதை வாய்விட்டுப் படிச்சு, "நாமதாண்டி ஊருக்கே டாக்டர்" அப்படின்னு மேஜையில இருக்கிறவங்களைச் சிரிக்க வைப்பா. அதுல ஒரு வரி பொய் கிடையாது. அதான் எனக்கு வயித்தெரிச்சல். பொய்னா அந்த முதலாளி சட்டையைப் பிடிச்சிருப்பேன்.

அத்தான், அதாவது அக்கா புருஷன், தண்ணி வாரியத்துல பம்ப் ஆபரேட்டர். மோட்டார் ரூம்ல உட்கார்ந்து, எந்தத் தெருவுக்கு எப்ப தண்ணி விடணுமோ அப்ப வால்வைத் திறக்கிற வேலை. நல்ல மனுஷன். வாய் ஓயாம ஜோக் அடிப்பார், அதுல பாதிக்குச் சிரிப்பு வராது, நாங்க சிரிக்காததைப் பார்த்து அவரே சிரிச்சுக்குவார். ஒரே பொண்ணு, வேற ஊர்ல வேலையில இருக்கா.

போன வருஷம் பழ சீசன் முடிஞ்ச கையோட அத்தானுக்குக் கால் வீங்க ஆரம்பிச்சது. நாள் பூரா நிக்கிறதால இருக்கும்னு விட்டுட்டாங்க. முகம் வீங்கினப்பறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. ரெண்டு கிட்னியும் போயிடுச்சுன்னாங்க. பிரஷரை வருஷக் கணக்கா கவனிக்காம விட்டதோட பலன். அப்பறம் வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ். மிஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ணி ஏத்துவாங்க. வரும்போது துவைச்சுப் பிழிஞ்ச துணி மாதிரி வருவார்.

அக்கா ஒரு நாள் அழுதா. மறுநாள் என் கிட்னியை எடுத்துக்கோங்கன்னு டாக்டர் முன்னாடி போய் நின்னா. டெஸ்ட் மேல டெஸ்ட் எடுத்தாங்க. எல்லாம் பொருந்திச்சு. பெரிய டாக்டரே, "புருஷன் பொண்டாட்டிக்குள்ள இவ்வளவு நல்லாப் பொருந்துறது அபூர்வம்மா" அப்படின்னார். அதுக்கு அத்தான், "ஜாதகம் பார்த்தப்ப ஒண்ணுமே பொருந்தல டாக்டர்" அப்படின்னார். ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாங்க, சில மாசம் இருந்துச்சு. பெரிய டாக்டர் அக்காகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார்: "அதுவரைக்கும் இவரைக் கெடாம கொண்டு வந்து சேர்க்க வேண்டியது உங்க பொறுப்பு."

அந்த வார்த்தையை அக்கா வேதவாக்கா எடுத்துக்கிட்டா. காயை வேக வச்சு, தண்ணியைக் கொட்டி, மறுபடி வேக வச்சு, அதையும் கொட்டி, காய்க்கே தன் பேரு மறந்து போற மாதிரி ஆக்கிப் போடுவா. வீட்டுல உப்பு டப்பாவை என் வீட்டுக்கு அனுப்பிட்டா. தண்ணிக்கு ஒரு சின்ன சொம்பு வச்சு, காலையில நிரப்பி, அதுதான் அன்னைக்குப் பூரா. அந்தச் சொம்புதான் அத்தானுக்கு எமன். ஊருக்கெல்லாம் தண்ணி திறந்து விடுற ஆளு, மோட்டார் ஓடுற சத்தத்தையும் குழாய்ல தண்ணி பாயுற சத்தத்தையும் கேட்டுகிட்டு, காஞ்ச நாக்கோட உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் தாங்க முடியாம அங்கேயே குழாய்ல வாயை வச்சுட்டார். அன்னைக்கு சாயங்காலம் நுரையீரல்ல தண்ணி கோத்துகிட்டு, மூச்சு விட முடியாம, ஆம்புலன்ஸ்ல கொண்டு போனோம். பிழைச்சது பெரிய விஷயம். அதுக்கப்பறம் அக்காவுக்கு அவரோட நோயைவிட தாகம்தான் பெரிய பயம்.

இந்த சமயத்துலதான் ஆஸ்பத்திரியில சாப்பாட்டைப் பத்திச் சொல்ற ஒரு சிஸ்டர், எதெது ஆகாதுன்னு அக்காவை உட்கார வச்சு சொல்லியிருக்காங்க. அக்கா திரும்பி வந்தது என் பஸ்லதான். என் சீட்டுக்குப் பக்கத்துல நின்னுகிட்டு, "வாழைப்பழம் கூடாதாம், ஆரஞ்சு கூடாதாம், இளநி கூடாதாம்டி. ஸ்டார் ஃப்ரூட்டுன்னு ஒண்ணாம், அதைத் தொடவே கூடாதாம்" அப்படின்னா.

"அது எங்க விக்குதாம்?"

"யாரு கண்டா? ஸ்டார் ஹோட்டல்ல வைப்பாங்களா இருக்கும். நாம என்ன தினமும் அங்கயா போய் கை நனைக்கிறோம்?"

பஸ்ல நின்னவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சுகிட்டே அடுத்த ஆளுக்கு டிக்கெட் கொடுத்தேன்.

அப்பறம் சீசன் வந்துச்சு. அஞ்சுவரி மூட்டை மூட்டையா வந்து இறங்கிச்சு. வரி அடிபட்ட பழத்தை வேலைக்காரங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம். அக்கா அதைப் பார்த்ததும் அத்தான் நாக்கைத்தான் நினைச்சா. புளிப்பா, சாறா, வாய்ல வச்சா எச்சில் ஊறுற பழம். ஆனா எடுத்த எடுப்புல கொடுத்துடல. அவ அப்படிப்பட்டவ இல்ல. அடுத்த டயாலிசிஸ்ல அந்த சிஸ்டர்கிட்ட, "அஞ்சுவரி கொடுக்கலாமா சிஸ்டர்?" அப்படின்னு கேட்டா.

"அப்படின்னா என்னம்மா?" அந்த சிஸ்டர் வேற ஊர்க்காரங்க.

"காட்டுப் பழம். புளிப்பா இருக்கும். எங்க ஃபேக்டரியில வற்றல் போடுவோம்."

"எனக்குத் தெரியலையே. பொட்டாசியம்தான் இவருக்கு ஆகாது. அது கம்மியா இருந்தா கொஞ்சமா கொடுத்துப் பாருங்க."

ஃபேக்டரியில பழத்தையெல்லாம் சோதிச்சுப் பார்க்கிற கெமிஸ்ட் ஒருத்தர் உண்டு. அவர்கிட்ட போய் பொட்டாசியம் கேட்டா. அவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துட்டு, "வாழைப்பழத்துல இருக்கிறதுல பாதிகூட இல்லக்கா" அப்படின்னார். அதுவும் நெசம்தான். பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி ஆயிடுச்சு அக்காவுக்கு. பொட்டாசியம் கம்மி, சர்க்கரை கம்மி, உப்பு சுத்தமா கிடையாது. இவரோட நோய்க்குன்னே படைச்ச பழம்னு நினைச்சா.

முதல் கீத்தை அத்தான் வாயில வச்சப்ப நானும் அங்க இருந்தேன். கண்ணை மூடிகிட்டார். ரொம்ப நேரம் மென்னார். "ஏம்மா, இத்தனை நாளா இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தே?" அப்படின்னார். பல மாசத்துக்கப்பறம் அவர் குரல்ல ஈரம் இருந்துச்சு. அக்கா எழுந்து அடுக்களைக்குப் போய் நின்னுகிட்டு அழுதா, சந்தோஷத்துல.

தினம் ஒரு கீத்து, அவ்வளவுதான். சொம்புத் தண்ணியில மிச்சம்கூட வைக்க ஆரம்பிச்சார். டயாலிசிஸ் பண்றவர், "பரவாயில்லையே, உடம்புல தண்ணி சேர்றது குறைஞ்சிருக்கே" அப்படின்னு பாராட்டினார். அக்காவுக்குக் கால் தரையில பாவல.

ஒரு ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு, அங்க போயிருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்துச்சு. அத்தான் காலையிலருந்தே சுருண்டு கிடந்தார். அக்கா பழத்தைச் சாறு பிழிஞ்சு, ஒரு ஜக்குல வச்சு, அவருக்கு ஒரு டம்ளர் கொடுத்தா. அந்த ஒரு டம்ளரைச் சொம்புத் தண்ணியில கழிச்சுட்டுத்தான் கொடுத்தா. அவ்வளவு கவனம். மிச்சத்தை அவ குடிச்சா. எனக்குப் பல் கூசும், நான் வேண்டாம்னுட்டேன். அத்தான் வெறும் வயித்துல அதை ஒரே மூச்சுல குடிச்சுட்டு, டம்ளரைக் கவுத்துத் தட்டி, கடைசிச் சொட்டையும் நாக்குல விட்டுகிட்டார்.

சாப்பிட்டு முடிச்சு உட்கார்ந்தப்ப விக்கல் வந்துச்சு.

"மகதான் நினைக்கிறா" அப்படின்னா அக்கா.

உடனே போனைப் போட்டோம். "இப்பதாம்பா உங்களைப் பத்திப் பேசிட்டு இருந்தேன்" அப்படின்னா அந்தப் பொண்ணு. விக்கல் நின்னுடுச்சு. அத்தானுக்கு முகமெல்லாம் பூரிப்பு. போனை வச்சதும் மறுபடி ஆரம்பிச்சது. அப்பறம் நாங்க ஒவ்வொரு பேரா சொல்ல ஆரம்பிச்சோம். சரியான ஆளைச் சொன்னா நிக்கும்ல. அவரோட தம்பி, பழைய சிநேகிதன், ரிட்டயர் ஆன மேஸ்திரி. "மோட்டார்தான் உங்களை நினைக்குது அத்தான், ஞாயித்துக்கிழமை தனியா ஓடுதுல்ல" அப்படின்னேன். அவர் சிரிச்சுகிட்டே விக்கினார். சர்க்கரையை நாக்குக்கு அடியில வச்சோம். பின்னாடி போய் திடீர்னு கத்திப் பார்த்தேன், என் தொழில்தானே. ஒண்ணுக்கும் மசியல.

தண்ணி குடிச்சா நிக்கும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா சொம்பு காலி. அக்கா யோசிச்சா. தண்ணிக்குப் பதிலா அஞ்சுவரியில இன்னும் ரெண்டு கீத்து வெட்டி அவர் வாயில வச்சா.

காலையில நான் டியூட்டிக்குக் கிளம்பும்போது அக்கா போன் பண்ணினா. விக்கல் இன்னும் நிக்கலையாம், வாந்தி எடுத்தாராம். நான் போய் நின்னதும் அத்தான் என்னை நிமிர்ந்து பார்த்து, "மூணாம் வால்வை மூடிட்டேன் சார்" அப்படின்னார். ஜோக்குன்னு நினைச்சு நான் வாயைத் திறந்துட்டேன் சிரிக்க. அவர் சிரிக்கல. "மூடிட்டேன் சார்" அப்படின்னு மறுபடி சொன்னார், பயந்த குரல்ல.

ஆஸ்பத்திரியில டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பொண்ணு, ஆனா கெட்டிக்காரி. டயாலிசிஸ் ஏதாவது தவறிச்சான்னு கேட்டாங்க, இல்லன்னோம். கீழ விழுந்தாரா, இல்ல. மாத்திரை மாறிப் போச்சா, இல்ல. அப்பறம் அந்தக் கேள்வியைக் கேட்டாங்க.

"ஸ்டார் ஃப்ரூட் ஏதாவது சாப்பிட்டாரா?"

"ஐயையோ, இல்ல டாக்டர். சிஸ்டர் சொன்னாங்கள்ல. அதை நாங்க கண்ணால பார்த்தது கூட இல்ல" அப்படின்னா அக்கா. ஆணித்தரமா சொன்னா. பக்கத்துல நின்னு நானும் தலையாட்டினேன்.

அப்ப மூளையிலதான் ஏதோ இருக்கணும்னு ஸ்கேனுக்கு அனுப்பினாங்க. ஸ்கேனுக்கு முன்னாடி நிறைய பேர் காத்துகிட்டு இருந்தாங்க. நாங்களும் காரிடார்ல ஸ்ட்ரெச்சரைப் பிடிச்சுகிட்டு நின்னோம். ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. வார்டுக்குத் திரும்பி வந்தப்ப அத்தானுக்குக் கையும் காலும் வெட்டி இழுக்க ஆரம்பிச்சது. அக்கா அவர் தலையை மடியில பிடிச்சுகிட்டு, "என்னங்க, என்னங்க" அப்படின்னு மெதுவாவே கூப்பிட்டா. அப்பவும் கத்தல அவ.

சாயங்காலம் பெரிய டாக்டர் வந்தார். விக்கல் எப்ப ஆரம்பிச்சதுன்னு கேட்டார். நேத்து மத்தியானம்னு சொன்னோம். "அதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டார், என்ன குடிச்சார், ஒண்ணுவிடாம சொல்லுங்க" அப்படின்னார். அக்கா ஒவ்வொண்ணா சொன்னா. அஞ்சுவரி சாறுன்னதும் நிறுத்தினார். "அது என்ன?"

அக்கா பையைத் திறந்தா. கண் முழிச்சா தாகம்னு கேப்பாரேன்னு ரெண்டு பழமும் ஒரு சின்னக் கத்தியும் எடுத்துட்டு வந்திருந்தா. டாக்டர் ஒரு பழத்தை வாங்கி, மருந்து ட்ரேயில வச்சு, குறுக்க வெட்டினார். வெட்டின துண்டை எடுத்து அக்காகிட்ட நீட்டினார். அஞ்சு முனையோட அப்படியே ஒரு நட்சத்திரம்.

"இதுதாம்மா ஸ்டார் ஃப்ரூட்."

அக்கா அதைப் பார்த்தா. "இது அஞ்சுவரி டாக்டர்" அப்படின்னா. துண்டைத் திருப்பிப் பார்த்து, "நாங்க இதை இப்படி வெட்ட மாட்டோம்" அப்படின்னா.

உடனே மிஷின்ல போட்டாங்க. மணிக்கணக்கா ரத்தத்தைச் சுத்தம் பண்ணினாங்க. டாக்டர் எங்களுக்கு விளக்கிச் சொன்னார். நல்ல உடம்புக்கு இது நல்ல பழம்தான். அதுல ஒரு நஞ்சும் இருக்கு, கிட்னி வேலை செஞ்சா அது மூத்திரத்தோட போயிடும், யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. இவருக்குப் போக வழியில்ல, நேரா மூளைக்கு ஏறிடுச்சு. முதல் அடையாளமே விக்கல்தானாம். விக்கினப்பவே கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமான்னு நான் கேட்கல. அக்கா கேட்டா. டாக்டர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

மறுநாள் மத்தியானம் அத்தான் போயிட்டார்.

சாவு வீட்டுக்கு வந்தவங்க ஆளாளுக்கு, "அளவுக்கு மிஞ்சினா அமுதமும் நஞ்சு" அப்படின்னு சொல்லிட்டுப் போனாங்க. எந்த அளவு மிஞ்சிச்சு? என் அக்கா அளக்காம எதைக் கொடுத்தா? ஒருத்தி இன்னொருத்தி காதுல, பொண்டாட்டி கையாலயேன்னு ஏதோ ஆரம்பிச்சா. பஸ்ல கத்துற கத்து ஒண்ணு கத்தினேன், எழுந்து செருப்பை மாட்டிகிட்டுப் போயிட்டா. நல்லா கேட்டுட்டேன்னு இருந்துச்சு, ஆனா அக்கா தலையைத் தூக்கல. மக வந்திருந்தா. அம்மாவை ஒரு வார்த்தை கேட்கல, கட்டிப் பிடிச்சுகிட்டு உட்கார்ந்திருந்தா. ஏன்மா கொடுத்தேன்னு அவ ஒரு தடவை கேட்டிருந்தா அக்காவுக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்னு எனக்குத் தோணுது.

அப்பறம் ஒரு நாள் ஆஸ்பத்திரியிலருந்து போன் வந்துச்சு. ஆபரேஷன் செக்‌ஷன். அவங்களுக்கு யாரும் சொல்லல போலிருக்கு. நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் அட்மிட் ஆகணும், வெறும் வயித்தோட வாங்கன்னாங்க. நான் போனைப் பிடுங்கித் திட்டலாம்னு போனேன். அக்கா கையால தடுத்து, "வர்றேங்க" அப்படின்னு சொல்லி வச்சுட்டா.

போனா. நானும் கூடப் போனேன், விட்டா என்ன பண்ணுவாளோன்னு பயம். காலையிலருந்து பச்சைத் தண்ணி குடிக்கல அவ. பெரிய டாக்டர் எங்களைப் பார்த்ததும் பதறிப் போயிட்டார். தப்பு எங்களுதும்மா, மன்னிச்சுக்கோங்க, லிஸ்ட்லருந்து பேரை எடுக்காம விட்டுட்டாங்கன்னார். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். அவர் மேஜையில அக்காவோட டெஸ்ட்டெல்லாம் வச்ச ஃபைல் கிடந்துச்சு.

அக்கா உட்காரல.

"ஒண்ணு கேக்கணும்னு வந்தேன் டாக்டர். அன்னைக்கு நானும் அதே ஜக்குலருந்துதான் குடிச்சேன். அவருக்கு ஊத்தினதைவிட எனக்குக் கூடவே இருந்துச்சு. எனக்கு ஏன் ஒரு விக்கல்கூட வரல?"

டாக்டர் ஃபைலைத் திறந்து பார்த்தார். "உங்க கிட்னி ரொம்ப நல்லா இருக்கும்மா" அப்படின்னார். "ரெண்டும்."

"ரெண்டும் என்னோடது இல்ல டாக்டர்" அப்படின்னா அக்கா. "ஒண்ணு அவரோடது."